சிப்பி மூடிக்கொண்டால் பிழைத்துவிட்டது என்று அர்த்தமா?

நுரைத்தடம்

குளிர்ந்த கடல்நீரில் வாழும் மஸல் சிப்பிகளைத் தொட்டிகளில் வைத்து அளவெடுப்பது என் வேலை. சென்ற மாதம் ஒரு இரவு, தொட்டிகளில் ஒன்றின் குளிரூட்டி நின்றுவிட்டது. 9 டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர் காலையில் 22 டிகிரி காட்டியது.

வழக்கமாக அந்தத் தொட்டியைக் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு சிப்பியும் ஓரத்தில் நூலளவு திறந்திருக்கும். பழுப்பு நிறச் சவ்வின் விளிம்பு அலையலையாகத் தெரியும். நம் நிழல் விழுந்தால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அன்று ஒன்றில்கூட அந்த விளிம்பு தெரியவில்லை. எல்லாம் கல் போல இறுகக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் வாய் பிளந்து கிடக்கவில்லை. பதிவேட்டில் "இறப்பு: 0" என்று எழுதிவிட்டு, தண்ணீரை மெல்ல மெல்லக் குளிரவைத்தோம். மறுநாள் பெரும்பாலானவை திறந்தன. நிம்மதியாக இருந்தது.

நான்காம் நாள் ஒன்று திறந்த வாயோடு கிடந்தது, தொட்டும் மூடவில்லை. அதன் பிறகு நாளுக்கு ஒன்று, இரண்டு. இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தண்ணீரோ முதல் நாளே 9 டிகிரிக்கு வந்துவிட்டது.

அந்தப் பூஜ்யத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. மூடிக்கொள்வதை நாம் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால் அது கடன். எவ்வளவு வாங்கியது, திருப்பிக் கட்ட முடியுமா என்பது பிறகுதான் தெரியும். இங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கற்பாறை

ஒரு சந்தேகம். மஸல் வாழும் இடமே அலை ஏறி இறங்கும் பாறைதான். தண்ணீர் வற்றும்போதெல்லாம் மணிக்கணக்கில் வெயிலில் காயும், குளிர்காலத்தில் உறையும், மழை பெய்தால் நன்னீரில் நனையும். இவ்வளவுக்கும் பழகிய பிராணிக்கு ஒரு ராத்திரி 22 டிகிரி அவ்வளவு பெரிய விஷயமா? தொட்டியில் ஏற்கெனவே நோய் இருந்திருக்கலாம். தண்ணீரில் கழிவாகச் சேரும் அம்மோனியாவை அளந்து பார்த்தீர்களா?

நுரைத்தடம்

பார்த்தேன். கொஞ்சம் ஏறியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே இடத்திலிருந்து ஒரே நாளில் எடுத்துவந்த சிப்பிகள் பக்கத்துத் தொட்டியிலும் இருக்கின்றன. அங்கே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதே இரண்டு வாரத்தில் அங்கே செத்தது ஒன்றே ஒன்று.

பழக்கம் பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. பாறையில் வெயில் வரும், போகும். ஆறு மணி நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் திரும்பி வந்துவிடும். என் தொட்டியில் அது வரவில்லை. தண்ணீரே சூடாகிவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது.

தெற்குமுகம்

கற்பாறை அண்ணா, நீங்கள் சொன்ன அந்தப் பழக்கத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை 2021 ஜூன் கடைசியில் உலகமே பார்த்தது. கனடாவின் மேற்குக் கரை, வான்கூவர் பக்கத்து உள்கடல். சூடான காற்று மூடி போல ஒரே இடத்தில் நின்றுவிட்டது, வெப்பக் குவிமாடம் என்றார்களே, அந்த நாட்கள். லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி பதிவானது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹார்லி வெப்பம் காட்டும் கேமராவோடு கரைக்குப் போய்ப் பார்த்தபோது பாறையின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டியிருந்தது. மஸல்களும் கொட்டலசுகளும் மற்றவையுமாக அந்த உள்கடல் கரைகளில் நூறு கோடிக்கு மேல் செத்திருக்கலாம் என்று அவர் கணக்கிட்டார்.

என்னை யோசிக்க வைத்தது அந்தக் கணக்கைவிட, யார் பிழைத்தார்கள் என்பதுதான். ஒரே பாறையில் வெயில் நேராக விழும் பக்கம் மொத்தமும் போயிருக்கும், நிழல் பக்கம் உயிரோடு இருக்கும். இன்னொன்று நேரம். அந்த உள்கடலில் கோடையில் தண்ணீர் மிகவும் வற்றுவது நடுப்பகலை ஒட்டி. திறந்த பெருங்கடலைப் பார்த்த கரையில் அதே நாட்களில் வற்றியது காலையிலேயே. வெயில் ஏறுவதற்குள் அங்கே தண்ணீர் திரும்பிவிட்டது. அதனால் அங்கே சேதம் குறைவு. சில மணி நேர வித்தியாசம்தான்.

இதை முன்கூட்டியே சொன்னவர் கடலுயிரியல் ஆய்வாளர் பிரையன் ஹெல்முத். சிப்பி ஓட்டுக்குள் வெப்பமானியைப் பொதித்து, பாறையில் உண்மையான மஸல்களுக்கு நடுவே ஒட்டிவைத்தார். வடக்கே போகப் போகக் குளிர்ச்சி, தெற்கே வெப்பம் என்றுதானே நினைப்போம்? அமெரிக்க மேற்குக் கரையில் சில வடக்குப் பகுதிகளில்தான் சிப்பியின் உடல் அதிகம் சூடானது, காரணம் அங்கே கோடையில் தண்ணீர் வற்றும் நேரம் பகல். 2002இலேயே இதை எழுதிவிட்டார்கள். வானிலை நிலையம் சொல்லும் காற்றின் வெப்பமும் சிப்பியின் உடல் வெப்பமும் பத்து டிகிரிக்கு மேல்கூட வேறுபடும்.

கற்பாறை

நல்ல விளக்கம். உடல் வெப்பத்தைத்தான் பார்க்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நுரைத்தடம் சொன்ன "கடன்" எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மூடியபின் உள்ளே என்னதான் நடக்கிறது?

உவர்நீர்

இதில்தான் எனக்குக் கொஞ்சம் பரிச்சயம், எழுதுகிறேன்.

ஓடு மூடியதும் செவுளுக்குப் புதுத் தண்ணீர் நின்றுவிடும். உள்ளே அடைபட்ட தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். இதயத் துடிப்பு குறையும். ஓட்டின் மேல், இதயம் இருக்கும் இடத்தில் சின்ன அகச்சிவப்பு உணரியை ஒட்டினால் இதைத் திரையில் அப்படியே பார்க்கலாம். ஒழுங்காக ஏறி இறங்கும் கோடு, சிப்பி மூடியபின் மெல்ல இடைவெளி விட்டு, சில சமயம் நிமிடக்கணக்கில் தட்டையாகிவிடும். செத்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஒரு துடிப்பு வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆக்சிஜன் இல்லாமலே ஆற்றல் எடுக்கும் வழி சிப்பிகளுக்கு உண்டு. நம் தசையில் லாக்டிக் அமிலம் சேருவது போல அல்ல. சிப்பிகள் உடலில் சேமித்த மாவுச்சத்தான கிளைகோஜனையும் அஸ்பார்டிக் என்ற அமினோ அமிலத்தையும் வைத்து சக்சினேட் என்ற பொருளை உண்டாக்குகின்றன. லாக்டிக் வழியைவிட இதில் கிடைக்கும் ஆற்றல் அதிகம், அதனால்தான் இவ்வளவு நேரம் தாங்குகின்றன. ஆனாலும் ஆக்சிஜனோடு எரிப்பதோடு ஒப்பிட்டால் அது சொற்பம். எனவே செலவையும் சுருக்குகின்றன. வளர்ச்சி நிற்கும், புரதம் கட்டுவது நிற்கும், உயிரை வைத்திருக்க வேண்டிய வேலை மட்டும் ஓடும்.

அப்புறம் அமிலம். கரியமில வாயுவும் மற்ற கழிவும் வெளியே போக வழியில்லாமல் உள்திரவம் புளிக்கும். அதைச் சமன்செய்ய சிப்பி தன் சொந்த ஓட்டின் உட்புறத்தையே கரைக்கிறது. ஓடு கால்சியம் கார்பனேட் இல்லையா, அமிலத்தை உறிஞ்சும். அடிக்கடி நீண்ட நேரம் மூடிக் கிடந்த சிப்பியின் ஓட்டை உடைத்து உள்பக்கம் விரலால் தடவினால், வழவழப்பான முத்துப் பளபளப்பு இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு போலச் சொரசொரப்பாக இருக்கும். வீட்டுச் சுவரை உடைத்து அடுப்பெரிப்பது மாதிரி.

ஆக, கடன் என்ற சொல் சரியான சொல்தான். திறந்தபின் சிப்பி முதலில் செய்வது வேகமாகத் தண்ணீர் இழுத்து, சேர்ந்த கழிவை எரித்து வெளியேற்றுவது. அந்தச் செலவுக்குக் கையிருப்பு கிளைகோஜன் வேண்டும். இனப்பெருக்கம் முடிந்து மெலிந்திருக்கும் சிப்பியிடம் அது இருக்காது.

கடல்பாசி

அப்படியென்றால் ஐஸ்லாந்துப் பக்கம் கிடைத்த அந்த 507 வயது மட்டி? ஆர்க்டிகா ஐலாண்டிகா. 2006இல் எடுத்து, ஓட்டின் வளையங்களை எண்ணி முதலில் 400 சொச்சம் என்றார்கள், 2013இல் திருத்தி 507 என்றார்கள். பிறப்பு 1499. அந்த இனம் மணலுக்குள் புதைந்து, மூடிக்கொண்டு நாள்கணக்கில் சும்மா கிடக்கும் என்று படித்திருக்கிறேன். ஐந்நூறு ஆண்டுகள் கடன் வாங்கியே வாழ முடியுமா?

உவர்நீர்

அருமையான கேள்வி, நண்பரே. ஆர்க்டிகா செய்வதும் அதேதான், ஆனால் குளிரில் செய்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் உடலின் செலவு ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகும். 5 டிகிரி தண்ணீரில் மூடிக் கிடக்கும் மட்டிக்கு வட்டி மிகக் குறைவு. உடலை அணைத்துவிட்ட மாதிரி, சாதாரணச் செலவில் சிறு பங்கோடு பல நாள் ஓட்டிவிடும். அதே உத்தி 22 டிகிரியில் மணிக்கணக்கில் தீர்ந்துபோகும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 0 டிகிரிக் கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல். 20 டிகிரியில் 7 சொச்சம்தான். வெப்பம் ஏற ஏறத் தேவை கூடுகிறது, வரவு குறைகிறது. நுரைத்தடத்தின் தொட்டியில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

வெண்சங்கு

நான் கொஞ்சம் தள்ளிப் போகிறேன், மன்னிக்கவும். செத்ததா பிழைத்ததா என்று எண்ணுவதே தவறான அளவுகோல் என்பதற்கு அண்டார்க்டிகாவைவிட நல்ல சாட்சி இல்லை. அங்கே கடல்நீர் ஆண்டு முழுக்க மைனஸ் 1.9இலிருந்து பிளஸ் 1, 2 டிகிரி வரைதான்.

லேட்டர்னுலா எலிப்டிகா என்று ஒரு பெரிய மட்டி, சேற்றில் புதைந்து வாழ்வது. பனிப்பாறைகள் அடித்தரையை உரசிக்கொண்டு போகும்போது இது வெளியே புரட்டிப் போடப்படும். உடனே தன் சதைக் காலை வெளியே நீட்டி மறுபடி புதைந்தாக வேண்டும், இல்லையென்றால் தின்ன ஆள் வரும். அண்டார்க்டிக் உயிரினங்களை ஆராயும் லாய்ட் பெக் குழுவினர் தண்ணீரை மெல்ல மெல்லச் சூடாக்கிப் பார்த்தார்கள். 2, 3 டிகிரியிலேயே பாதி மட்டிகளால் புதைய முடியவில்லை. 5 டிகிரியில் ஒன்றாலும் முடியவில்லை. சாவதோ 9, 10 டிகிரியை ஒட்டித்தான். அங்குள்ள ஆடமூசியம் என்ற ஸ்காலப் சிப்பி 1, 2 டிகிரியிலேயே நீந்தும் திறனை இழந்தது.

5 டிகிரிக்கும் 9 டிகிரிக்கும் நடுவில் அந்த மட்டி என்ன? பதிவேட்டில் அது உயிரோடுதான் இருக்கும். கடலில் அது இரை. 2004இல் வந்த அந்தக் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து நான் எந்த ஆய்விலும் இறப்பு விகிதத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதில்லை.

கற்பாறை

இது உறைக்கிறது. சரி, ஒரே இனமாக இருந்தும் சில மஸல்கள் தாங்குவதும் சில தாங்காததும் ஏன்? பழக்கிவிட முடியாதா?

நுரைத்தடம்

கொஞ்சம் பழகும். வெப்பம் தாக்கியதும் செல்களில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் உருவாகும். மடிப்பு குலைந்த மற்ற புரதங்களைத் தாங்கிப்பிடித்துச் சரிசெய்வது இவற்றின் வேலை. ஒரு தடவை மிதமான சூட்டைக் கண்ட சிப்பி அடுத்த தடவை சற்றுக் கூடுதலாகத் தாங்குவது இதனால்தான். ஆனால் அந்தப் புரதத்தைக் கட்டவும் ஆற்றல் வேண்டும், குலைந்ததை உடைத்து அப்புறப்படுத்தவும் ஆற்றல் வேண்டும். மறுபடியும் அதே பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இனங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் வேறு விஷயம். அதை உயிரியலாளர் ஜார்ஜ் சோமெரோவின் குழு இரண்டு மஸல் இனங்களை வைத்து நுணுக்கமாகப் பார்த்தது. குளிருக்குப் பழகிய மிட்டிலஸ் ட்ரோசுலஸ், மத்தியதரைக் கடலிலிருந்து வந்து கலிபோர்னியாவில் பரவிய மிட்டிலஸ் கேலோப்ரொவின்சியாலிஸ். பார்த்தால் அடையாளம் காண்பதே கஷ்டம். மாலேட் டீஹைட்ரோஜினேஸ் என்ற ஒரு நொதியில் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் இரண்டு அமினோ அமிலங்கள். அதிலேயே வெப்பத்தில் வேலை செய்யும் விதம் மாறுகிறது. தென் கலிபோர்னியாவில் குளிர் இனம் விலகி, வந்த இனம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு சிப்பி தன் ஆயுளில் பழகிக்கொள்வதால் இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது.

அரைவட்டம்

எல்லோரும் வெப்பத்தையே பேசுகிறீர்கள், அமிலத்தை விட்டுவிட்டீர்களே. கடலின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண் (குறைந்தால் அமிலம் கூடுதல்), தொழில்புரட்சிக்கு முன் 8.2, இப்போது 8.1. குளிர்ந்த தண்ணீரில் கரியமில வாயு இன்னும் அதிகம் கரையும். ஓட்டை அது கரைக்கிறது. அதுதான் மூலப் பிரச்சினை.

வெண்சங்கு

விடவில்லை, வரிசையில் இருந்தது. ஆனால் "ஓட்டைக் கரைக்கிறது" என்று மட்டும் சொன்னால் கதை முழுதாகாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் விஸ்கி கிரீக் என்ற குஞ்சுப் பொரிப்பகம். 2007, 2008இல் ஆய்ஸ்டர் சிப்பி லார்வாக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. முதலில் விப்ரியோ பாக்டீரியா என்று நினைத்துத் தண்ணீரைச் சுத்திகரித்தார்கள், பலனில்லை. பிறகுதான் தெரிந்தது: காற்று வீசும் விதத்தால் ஆழத்துக் குளிர்நீர் கரைக்கு மேலெழும் நாட்களில் எடுத்த தண்ணீர்தான் கொல்கிறது. அந்த ஆழ்நீர் பல பத்தாண்டுகளுக்கு முன் மேற்பரப்பில் இருந்தது. வழியெல்லாம் மட்கும் பொருட்களின் கரியமில வாயுவையும் சுமந்து வருவது.

லார்வா தன் முதல் ஓட்டை முதல் இரண்டு நாளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். அப்போது அதற்கு வாய் கிடையாது, தீனி கிடையாது. தாய் முட்டையில் வைத்த கொழுப்புதான் மொத்தச் சொத்து. தண்ணீரில் கார்பனேட் குறைவாக இருந்தால் ஓடு கட்டும் செலவு ஏறுகிறது, சொத்து ஓடு முடியும் முன்பே கரைகிறது. ஓடு கரைந்து சாவதைவிட, கட்ட முடியாமல் பசித்துச் சாவது என்பதே பொருத்தம். பிஎச் எண்ணைவிட அரகோனைட் செறிவு நிலை, அதாவது ஓடு கட்டும் சுண்ணாம்புப் பொருள் தண்ணீரில் எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது என்பதைத்தான் அவர்கள் இப்போது கவனிக்கிறார்கள். தண்ணீரை விடாமல் அளந்து, தேவைப்படும்போது சோடியம் கார்பனேட் கலக்கிறார்கள். லார்வாக்கள் மறுபடி வளர்ந்தன.

அரைவட்டம்

ஓ, செலவுக் கணக்குதானா அதுவும். இதை இப்படி யோசித்ததில்லை. நன்றி.

தெற்குமுகம்

செலவுக் கணக்கு என்றதும் பெரிங் கடல் பனி நண்டு ஞாபகம் வருகிறது. ஓடுடைய உயிர் என்ற வகையில் அதுவும் இந்த இழைக்குள் அடங்கும் என்று நம்புகிறேன். 2018, 2019இல் அங்கே கடல் வெப்ப அலை. அதன் பிறகு கணக்கெடுத்தால் ஆயிரம் கோடிக்கு மேல் நண்டுகளைக் காணவில்லை. 2022 அக்டோபரில் பனி நண்டுப் பிடிப்பை முதன்முறையாக மூடினார்கள்.

தண்ணீர் நண்டைக் கொல்லும் அளவுக்குச் சூடாகவே இல்லை என்பதுதான் மனதை அறுக்கிறது. ஆய்வுக்கூடத்தில் 0 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்குப் போனாலே இதன் தீனித் தேவை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. வழக்கமாக 2 டிகிரிக்குக் கீழே இருக்கும் குளிர்நீர்ப் பரப்பு சுருங்கியது. நண்டுகளின் எண்ணிக்கை அப்போது உச்சத்தில் இருந்தது, எல்லாம் நெருக்கமான இடத்தில் கூடின. பட்டினி. 2023இல் வந்த ஆய்வின் முடிவு அதுதான்.

கடல்பாசி

உறைபனியையும் யாராவது சொல்லுங்கள்.

உவர்நீர்

சுருக்கமாக: மஸல் உறைவதைத் தடுப்பதில்லை, அனுமதிக்கிறது. செல்களுக்கு வெளியே உள்ள திரவத்தில் பனி உருவாகும், செல்லுக்குள் உருவாகாது. உடல்நீரில் பாதிக்கு மேல் பனியானாலும் உருகியபின் திறக்கும். உப்பு குறைவதும் மெதுவாக வந்தால் தாங்கும், விலை வளர்ச்சியில் தெரியும். பால்டிக் கடலின் வடக்கே உப்பு மிகக் குறைவான நீரில் வாழும் மஸல்கள் குள்ளமாகவே நின்றுவிடுகின்றன.

கற்பாறை

நோய் என்று ஆரம்பித்தவன் நான், வாபஸ் வாங்குகிறேன். ஒரு கேள்வி மட்டும். அக்கா, இறப்பை எண்ணுவது போதாது என்றால் அடுத்த தடவை பதிவேட்டில் எதை எழுதுவீர்கள்?

நுரைத்தடம்

பதிவேட்டில் இரண்டு நெடுவரிசை புதிதாகச் சேர்த்திருக்கிறேன். ஒன்று, மெல்லிய கண்ணாடிக் குச்சியால் சவ்வின் விளிம்பைத் தொட்டுவிட்டு, மூட எவ்வளவு நேரம், மறுபடி திறக்க எவ்வளவு நேரம் என்று குறிப்பது. நலிந்த சிப்பி சோம்பலாக மூடும், பாதியில் நிற்கும்.

இரண்டாவது, பாசி. தொட்டியின் நீரோட்டத்தை நிறுத்திவிட்டு, வளர்த்த நுண்பாசியை அளந்து ஊற்றினால் தண்ணீர் பச்சையாகும். நன்றாக இருக்கும் சிப்பிகள் அதை வடிகட்டித் தின்னும், தண்ணீர் தெளியும். எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது என்பது அவை சம்பாதிக்கும் வேகம். மூன்று வாரமாவது தினமும் பார்க்க வேண்டும்.

இன்று காலை இரண்டு தொட்டியிலும் செய்தேன், உயிரோடு இருக்கும் சிப்பிகளின் எண்ணிக்கையைச் சமமாக வைத்து. பக்கத்துத் தொட்டி ஒரு மணி நேரத்தில் அடி தெரியத் தெளிந்துவிட்டது. சூடேறிய தொட்டியிலும் எல்லாம் திறந்துதான் இருந்தன, விளிம்பும் தெரிந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அங்கே தண்ணீர் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.